எங்கே தெளிப்பது? – இயந்திரத்துள் விழுந்த ஒரு துளி நீரின் வரலாறு



கடந்த தீபாவளி விடுமுறையின் மூன்றாம் நாள். மாலை வேளையில் என் இல்லத்து வாசலில் ஒருவர் வந்து நின்றார். பல ஆண்டுகளுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டில் என்னிடம் பயின்ற மாணவர். இன்று செர்டாங் அருகே சிறியதொரு கார் பட்டறை நடத்துகிறார். கையில் பலகாரப் பொட்டலம் ஒன்று. மறுகையில் பழைய துணியில் சுற்றிய ஏதோவொரு பொருள். துணியைப் பிரித்து மேசைமேல் வைத்தார். அது ஒரு பிஸ்டன். அதன் தலைப்பகுதியில் ஓர் ஐம்பது காசு நாணயம் நுழையும் அளவிற்கு ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டையின் விளிம்பு, உருகி வழிந்த மெழுகைப் போல மழுங்கியிருந்தது.

"சார், இது கஸ்டமர் வண்டி. வெள்ளிக்கிழமை கொடுக்கறதா சொல்லியிருந்தேன்" என்றார். பிறகு சற்று நேரம் பேசவில்லை.

வங்கிக் கடனில் தொடங்கிய பட்டறை அது. மனைவியின் நகையும் அதில் இருக்கிறது என்பதை நான் அறிவேன். ஜப்பானிலிருந்து 'ஹாஃப் கட்' என்ற பெயரில் பாதியாக அறுக்கப்பட்டு வரும் கார்களின் டர்போ இயந்திரங்களை வாங்கிப் பொருத்தித் தருவது அவர் தொழில். இம்முறை வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டதால், அந்த டர்போ இயந்திரத்தில் நீரும் மெத்தனாலும் கலந்த கரைசலைத் தெளிக்கும் கருவியையும் பொருத்தியிருக்கிறார். செம்பனைத் தோட்டச் சாலையில் ஓட்டிப் பார்த்த மூன்றாம் முறையே இயந்திரம் மாண்டுவிட்டது.

"நோசில எங்க வெச்சிருந்தா இது நடந்திருக்காது சார்? நீங்கதான் பழைய கதையெல்லாம் படிப்பீங்களே."

நான் பொறியாளன் அல்லன். சுங்கைப் பட்டாணியில் ஆசிரியர் பயிற்சி பெற்று, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழும் வரலாறும் அவ்வப்போது அறிவியலும் கற்பிப்பவன். ஆனால் அவர் கேட்ட கேள்வி ஒரு வரலாற்றுக் கேள்வியும் ஆகும். நூறாண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுவதும் பொறியாளர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது. அன்றிரவு நெடுநேரம் இருவரும் பேசினோம். பேசியவற்றையும் அதன்பின் நான் தேடிப் படித்தவற்றையும் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

காய்ச்சல் கண்ட இயந்திரம்

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி போடுகிறோம். நீர் ஆவியாகும்போது நெற்றியின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான். ஒரு கிலோகிராம் நீர் முழுவதும் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,257 கிலோஜூல் வெப்பம் தேவைப்படுகிறது. மெத்தனாலுக்கு ஏறத்தாழ 1,100; பெட்ரோலுக்கோ ஏறத்தாழ 350 மட்டுமே. வெப்பத்தை விழுங்குவதில் நீருக்கு நிகராக எளிதில் கிடைக்கும் நீர்மம் வேறில்லை எனலாம்.

டர்போ என்பது வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, காற்றை அமுக்கி இயந்திரத்துள் திணிக்கும் கருவி. காற்றை அமுக்கினால் அது சூடேறும். மிதிவண்டிச் சக்கரத்திற்குக் காற்றடித்தவர்கள் பம்பின் அடிப்பகுதி சுடுவதை உணர்ந்திருப்பார்கள். நம் நாட்டு வெயிலில் 30 பாகை செல்சியசில் உள்ளே நுழையும் காற்றை இருமடங்கு அழுத்தத்திற்கு டர்போ அமுக்கினால், அது வெளிவரும்போது 120 பாகையைத் தாண்டிவிடும். 'இன்டர்கூலர்' எனப்படும் குளிர்விப்பான் அந்த வெப்பத்தின் பெரும்பகுதியைக் குறைக்கிறது, முழுவதையும் அன்று.

மிகச் சூடான காற்றும் பெட்ரோலும் உருளைக்குள் கலந்தால், தீப்பொறி தொடங்கி வைத்த சுடர் பரவி வந்து சேருமுன்பே, மீதமுள்ள கலவை தானே வெடித்துவிடுகிறது. இதையே பட்டறைகளில் 'நாக்கிங்' என்பார்கள். சுத்தியலால் அடிப்பதைப் போன்ற ஓசை எழும். அது நீடித்தால் பிஸ்டன் உருகும், அல்லது உடையும். என் மேசைமேல் இருந்தது அத்தகைய ஒன்றுதான்.

நீரைத் தெளித்தால் கலவை குளிர்கிறது, நாக்கிங் அடங்குகிறது. மெத்தனால் தானும் எரிவதால் எரிபொருளாகவும் உதவுகிறது. எளிதில் வெடிக்காத தன்மையும் அதற்கு உண்டு. குளிர்நாடுகளில் நீர் உறையாமலும் அது காக்கிறது. இவ்விரண்டையும் பாதிக்குப் பாதி கலப்பது ஏன் வழக்கமாயிற்று என்பது இப்போது விளங்கும்.

தொடக்ககால அறிஞர்கள்

இவ்வெண்ணம் டர்போவை விடவும் மூத்தது. அங்கேரி நாட்டுப் பொறியாளர் தோனாத் பாங்கி, 1890-களிலேயே உயர் அமுக்கம் கொண்ட ஓர் இயந்திரத்தில் நீரைத் தெளித்து இயக்கிக் காட்டினார். யானோஸ் சோன்கா என்பவரோடு இணைந்து 1893-இல் கார்புரேட்டரை உருவாக்கியவரும் இவரே. காற்றோடு பெட்ரோலைத் துளிகளாகக் கலப்பது எப்படி என்று சிந்தித்தவருக்கு, நீரையும் அவ்வாறே கலக்கலாம் என்று தோன்றியதில் வியப்பில்லை.

1913-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்னார்டு ஹாப்கின்சன், எரிவாயு இயந்திரங்களின் உருளைக்குள்ளேயே நீரைப் பீய்ச்சிக் குளிர்விக்கும் முறையை வெளியிட்டார். அவருடைய மாணவர்தான் ஹாரி ரிக்கார்டோ. நாக்கிங் என்பது ஏன், எப்படி நிகழ்கிறது என்பதைத் தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர் அவர். நீரையும் நீர்-மெத்தனால் கலவையையும் செலுத்தி, இயந்திரம் எவ்வளவு கூடுதல் அழுத்தத்தைத் தாங்குகிறது என்று அவர் அளந்து பார்த்தார். ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து மாணவர் தொடர்ந்தார் என்பது ஓர் ஆசிரியனான எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

அதே காலத்தில் அமெரிக்க வயல்களில் மண்ணெண்ணெயில் ஓடிய உழவு இயந்திரங்கள் சிலவற்றில், சுமை கூடும்போது நீரும் சேர்த்துச் செலுத்தப்பட்டது. ரூம்லி நிறுவனத்தின் 'ஆயில்புல்' இயந்திரம் அதற்குப் பெயர்பெற்றது. ஆக, பந்தயக் கார்களுக்கு வருமுன்பே இம்முறை ஏர் பூட்டியவர்களின் கையில் இருந்தது.

டர்போவின் கதை தனி. சுவிட்சர்லாந்தின் ஆல்பிரட் புகி 1905-இல் அதற்கான காப்புரிமையைப் பெற்றார். நீரும் டர்போவும் நெருங்கிய உறவினர் ஆனது போர்க்காலத்தில்தான்.

வானில் நடந்த சோதனை

இரண்டாம் உலகப்போரில் செருமனியிடம் உயர்தரப் பெட்ரோல் போதிய அளவு இல்லை. அதனால் 'எம்.டபிள்யூ. 50' என்ற கலவையைப் போர்விமானங்களில் ஏற்றினர். ஏறத்தாழ பாதி மெத்தனால், பாதி நீர், துருப்பிடிக்காமல் காக்கச் சிறிதளவு எண்ணெய், இவ்வளவே அது. மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தின் டிபி 605 இயந்திரம், இக்கலவையின் துணையால் 1,475 குதிரைத்திறனிலிருந்து 1,800 குதிரைத்திறனுக்கு உயர்ந்தது. ஒரே நேரத்தில் பத்து நிமிடங்களுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்பது விதி.

அமெரிக்கர்களின் பி-47 தண்டர்போல்ட் விமானத்தில் ஆர்-2800 என்ற பதினெட்டு உருளை இயந்திரம் இருந்தது. டர்போவும் நீர்த் தெளிப்பும் ஒருங்கே கொண்ட இயந்திரம் அது. 2,000 குதிரைத்திறன் நீரின் துணையோடு 2,300 ஆயிற்று. பிரிட்டிஷ் வான்படை இவ்வகை விமானங்களை 1944 முதல் பர்மாப் போர்முனையில் பயன்படுத்தியது.

சப்பானியரும் இத்துறையில் பின்தங்கவில்லை. அவர்களுக்கும் பெட்ரோலின் தரமே இடர்ப்பாடு. 'சீரோ' விமானத்தை வடிவமைத்த ஜிரோ ஹோரிகோஷி உருவாக்கிய மற்றொரு விமானம் 'ரைடன்'. இடியும் மின்னலும் என்பது அப்பெயரின் பொருள். அதன் 'கசேய்' இயந்திரத்தில் நீர்-மெத்தனால் தெளிப்பு இருந்தது.

இங்கேதான் கதை நம் மண்ணைத் தொடுகிறது. போர் முடிந்தபின், சப்பானிய விமானங்களின் நுட்பங்களை ஆராய்வதற்கென நேச நாடுகளின் தொழில்நுட்பப் பிரிவு ஒன்று ஜொகூரில் உள்ள தெப்ராவ் விமானத்தளத்தில் இயங்கியது. கைப்பற்றப்பட்ட இரண்டு ரைடன் விமானங்கள், பிரிட்டிஷ் அடையாளம் தீட்டப்பட்டு, சரணடைந்த சப்பானிய விமானிகளாலேயே மலாயா வானில் ஓட்டிக் காட்டப்பட்டன. அவை பறக்கும் நிழற்படங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. நீர்-மெத்தனால் தெளிப்பு கொண்ட இயந்திரங்கள் நம் நாட்டு வானில் முழங்கியதற்கு அவை சான்று.

அந்த வானத்தின்கீழ் நம்மவர் நிலை என்ன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். போர் ஆண்டுகளில் கெடா உள்ளிட்ட மாநிலங்களின் தோட்டங்களிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட தமிழர்கள், சயாம்-பர்மா இரயில் பாதையில் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். மேலே ஒரு நாடு தன் அறிவின் உச்சியை விமானமாக்கிப் பறக்கவிட்டது. கீழே அதே நாடு நம் பாட்டன்மார்களை மருந்தின்றிச் சாகவிட்டது. இயந்திர வரலாற்றைப் படிக்கும்போது இந்த இரண்டாம் பக்கத்தையும் சேர்த்தே படிப்பது என் வழக்கம்.

அமைதிக்காலத்தில் இம்முறை பயணிகள் விமானங்களுக்கு வந்தது. 1963 முதல் மலேசியன் ஏர்வேஸ் நிறுவனம் உள்நாட்டுத் தடங்களில் பயன்படுத்திய ஃபோக்கர் எஃப்-27 விமானத்தில் ரோல்ஸ்-ராய்ஸ் டார்ட் இயந்திரங்கள் இருந்தன. வெயில் கொளுத்தும் ஓடுபாதையில் காற்றின் அடர்த்தி குறையும். இயந்திரத்தின் வலிமையும் குறையும். அந்நேரத்தில் அமுக்கியின் வாயிலில் நீர்-மெத்தனாலைத் தெளித்து, இழந்த வலிமையை மீட்டே விமானம் மேலெழும். இந்தியாவில் 1961 முதல் இந்தியன் ஏர்லைன்ஸ் ஓட்டிய எஃப்-27 விமானங்களிலும் இதே டார்ட் இயந்திரம்தான்.

தரைக்கு வந்த கலவை

1962-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் 'ஜெட்ஃபயர்' என்ற காரை அறிமுகப்படுத்தியது. பொதுமக்களுக்கு விற்கப்பட்ட முதல் டர்போ கார்களுள் ஒன்று அது. 3.5 லிட்டர் கொள்ளளவும் 215 குதிரைத்திறனும் கொண்ட வி-8 இயந்திரம். அமுக்க விகிதம் 10.25-க்கு 1. டர்போ காருக்கு அது மிக அதிகம். அதைச் சமாளிக்க, நீரும் மெத்தனாலும் கலந்த 'டர்போ ராக்கெட் நீர்மம்' ஒன்றைத் தனிக்கலத்தில் வைத்துக் கொடுத்தனர்.

கலம் காலியானால் டர்போவின் அழுத்தத்தைத் தானாகக் குறைத்துவிடும் காப்பு அமைப்பும் அக்காரில் இருந்தது. ஆனால் உரிமையாளர்கள் பலர் கலத்தை நிரப்ப மறந்தனர். கார் வலுவிழந்ததாகக் குறை கூறினர். பின்னர் நிறுவனமே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரைப் பொருத்திக் கொடுக்க முன்வந்தது. 1963-ஆம் ஆண்டோடு ஜெட்ஃபயர் முடிந்தது. வண்டியைத் தோற்கடித்தது இயந்திரவியல் அன்று, மனிதனின் மறதி.

1970-களின் இறுதியில் சுவீடனின் சாப் நிறுவனம் தன் 99 டர்போ காருக்கு நீர்த் தெளிப்புக் கருவியைக் கூடுதலாக வழங்கியது. 1980-களின் தொடக்கத்தில் ரெனோ, ஃபெராரி ஆகிய ஃபார்முலா 1 அணிகளின் டர்போ கார்களிலும் நீர் இடம்பெற்றது. 2016-இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் எம்4 ஜி.டி.எஸ். என்ற காரைக் குறைந்த எண்ணிக்கையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் மெத்தனால் இல்லை, வெறும் நீர்தான். பின்பெட்டியில் ஐந்து லிட்டர் கலம். ஆறு உருளைகளுக்கு மூன்று தெளிப்புமுனைகள். இரண்டு உருளைகளுக்கு ஒன்றாக, உள்ளிழுப்புக் கூடத்திலேயே அவை பதிக்கப்பட்டிருந்தன.

ஒன்றல்ல, மூன்று. ஏன் மூன்று? அவ்விடையில்தான் என் மாணவரின் பிஸ்டன் உருகிய காரணமும் ஒளிந்திருந்தது.

நான்கு இடங்கள்

டர்போ காரில் தெளிப்புமுனையைப் பொருத்தக்கூடிய இடங்கள் நான்கு.

முதலாவது, டர்போவிற்கு முன்பு. செருமானிய டிபி 605 இயந்திரத்தில் அமுக்கியின் வாயிலில்தான் தெளித்தார்கள். சுழலும் சக்கரம் துளிகளைச் சிதறடித்துப் புகையாக்கிவிடும். கலவை சீராகப் பரவும். ஆனால் இன்றைய டர்போவின் சிறிய சக்கரம் நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. பெரிய துளிகள் அதன் இறக்கைகளை நாளடைவில் அரித்துவிடும்.

இரண்டாவது, டர்போவிற்கும் இன்டர்கூலருக்கும் இடையில். பார்வைக்கு வசதியான இடம். பயனோ குறைவு. இன்டர்கூலர் இலவசமாகச் செய்யும் வேலையை நீரைச் செலவழித்துச் செய்வதாகிறது. ஆவியானது மீண்டும் குளிர்ந்து குழாயின் அடியில் தேங்கவும் கூடும்.

மூன்றாவது, இன்டர்கூலருக்குப் பின்பு, திராட்டில் எனும் காற்றுக் கதவுக்கு முன்பு. பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கும் இடம் இதுவே. துளிகள் ஆவியாகச் சற்றுத் தொலைவும் நேரமும் கிடைக்கும். ஒரு சாண் முதல் இரு சாண் வரை இடைவெளி, நேரான குழாய்ப்பகுதி ஆகியவை இருத்தல் நலம். காற்றின் வெப்பத்தை அளக்கும் உணரி அவ்வழியில் இருந்தால், அதில் நேரே ஈரம் படாதவாறு முனை அதற்குப் பின்னால் அமைய வேண்டும். இல்லையேல் உணரி பொய் சொல்லும். அதை நம்பிக் கணினியும் பிழை செய்யும்.

நான்காவது, திராட்டிலுக்குப் பின்பு. ஒவ்வோர் உருளையின் வாயிலிலும் தனித்தனி முனை வைப்பது இவ்வகையில் மிகச் சிறந்தது. செலவும் உழைப்பும் மிகுந்தது. ஆனால் ஒரே ஒரு முனையை இங்கே வைத்தால்?

"நீ எங்கே வைத்தாய்?" என்று கேட்டேன்.

"திராட்டிலுக்குப் பின்னால சார். இன்ஜினுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லதுன்னு நெனச்சேன்."

"உருகியது எத்தனையாவது பிஸ்டன்?"

"முதலாவது."

"காற்று நுழைவது எந்தப் பக்கம்?"

அவர் வாய் திறந்தார். விடை சொல்லாமல் மூடிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து தீப்பொறிச் செருகிகள் நான்கை எடுத்து மேசைமேல் வரிசையாக அடுக்கினார். முதலாவது வெள்ளையாக வெளிறி, அலுமினியப் பொட்டுகள் ஒட்டிக்கிடந்தது. இரண்டாவது சற்று வெளிறியிருந்தது. மூன்றாவது பழுப்பு. நான்காவது கறுத்து ஈரம்பட்ட நிறத்தில் இருந்தது. காற்று முதலாம் உருளையின் பக்கமாகத்தான் உள்ளே நுழைகிறது.

வாசலில் கிடந்த என் மோட்டார் சைக்கிளைக் காட்டினேன். "வேகமாக வந்து வளைவில் திரும்ப முயன்றால் என்ன ஆகும்?"

"நேரா போயிடும் சார்."

துளியும் அப்படித்தான். காற்று இலேசானது, உடனே திரும்பி முதல் வாயிலுக்குள் நுழைந்துவிடும். துளி கனமானது, திரும்ப முடியாமல் நேராகச் சென்று கடைசிச் சுவரில் மோதும். அங்கே நான்காம் உருளை அதைக் குடிக்கும். முதலாம் உருளைக்குக் கிடைத்ததோ சூடான வறண்ட காற்று மட்டுமே. நீர் வருகிறது என்ற நம்பிக்கையில் தீப்பொறி நேரத்தையும் அவர் முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தார். அந்நம்பிக்கைக்கு விலையாக முதலாம் பிஸ்டன் போயிற்று.

அக்கால இயந்திரங்களில் இச்சிக்கல் ஏன் பெரிதாக எழவில்லை? வரலாறு விடை தருகிறது. ஆர்-2800 இயந்திரத்திலும் ஜெட்ஃபயர் காரிலும் பெட்ரோலே காற்றோடு கலந்து, அமுக்கியின் வழியாக உள்ளே சென்றது. அவற்றின் உள்ளிழுப்புக் குழாய்கள் ஈரமான கலவையைச் சுமக்கவென்றே வடிவமைக்கப்பட்டவை. டிபி 605-இல் பெட்ரோல் நேரே உருளைக்குள் பீய்ச்சப்பட்டாலும், நீரைச் சிதறடிக்க அமுக்கிச் சக்கரம் இருந்தது. என் மாணவர் வாங்கிய இயந்திரமோ ஒவ்வோர் உருளையின் வாயிலிலும் தனித்தனியாகப் பெட்ரோல் தெளிக்கும் வகையைச் சேர்ந்தது. அதன் உள்ளிழுப்புக் கூடம் காற்றை மட்டுமே பகிர்ந்தளிக்கக் கற்றது. அதில் நீரை ஊற்றினால் அது பகிரத் தெரியாமல் தடுமாறும். பி.எம்.டபிள்யூ. மூன்று முனைகளை வைத்ததன் காரணம் இதுதான் என்று அவரே சொல்லி முடித்தார்.

மற்றொரு பிழையும் வெளிப்பட்டது. திராட்டில் மூடியிருக்கும்போது அதற்குப் பின்னால் வெற்றிடம் உண்டாகிறது. வழியில் அடைப்பிதழ் இல்லாவிடில், அது கலத்திலுள்ள கரைசலைச் சொட்டுச்சொட்டாக உறிஞ்சும். விளக்குச் சந்திப்பில் கார் நிற்கும் நேரமெல்லாம் கூடத்தின் அடியில் குட்டை தேங்கும். விலையைக் குறைப்பதற்காக அந்த அடைப்பிதழை அவர் விட்டுவிட்டாராம்.

பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகள் நாங்கள் இருவரும். மரத்தில் கோடு எவ்வளவு நேர்த்தியாக இழுத்தாலும், பால் வடியும் தகரத்தைக் கோட்டின் முடிவில் சரியாகக் குத்தாவிட்டால், பால் பட்டையில் வழிந்து மண்ணில் சேரும். மங்கு காலியாகவே இருக்கும். "எங்கம்மா தகரத்த குத்துற எடத்துக்கு எவ்வளவு திட்டுவாங்க தெரியுமா சார்?" என்று சொல்லி, அன்று மாலை முதன்முறையாகச் சிரித்தார்.

ஒரு தகர டின்னின் கதை

புறப்படுமுன் ஒன்று கேட்டேன். "மெத்தனாலை எதில் வைத்திருக்கிறாய்?"

"பழைய மினரல் வாட்டர் பாட்டில்ல சார்."

என் முகம் மாறியதை அவர் கண்டிருக்க வேண்டும்.

என் பெரியப்பா ஒருவர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். சம்பள நாளன்று யாரோ காய்ச்சிய சம்சுவைக் குடித்தார். மறுநாள் விடியலில், "ஏன் இன்னும் விளக்கேற்றவில்லை?" என்று கேட்டாராம். வெளியே நன்றாக விடிந்திருந்தது. அதன்பிறகு இருபது ஆண்டுகள் அவர் வாழ்ந்தார்; எங்கள் எவருடைய முகத்தையும் பார்க்கவில்லை. சிறுவனான நான் அவர் கையைப் பிடித்து அழைத்துச் சென்ற நாள்கள் பல.

மெத்தனால் பார்ப்பதற்கு நீரைப் போலவே இருக்கும். உடலுக்குள் சென்றால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். பத்து மில்லிலிட்டர் அளவே பார்வையைப் பறிக்கக் கூடும். தோலின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் அது உடலில் சேரும். அது எரியும் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாது. 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மதுவால் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

லாபுவான் தீவில் இயற்கை எரிவாயுவிலிருந்து ஆண்டிற்கு இருபது லட்சம் டன்னுக்கும் மேலாக மெத்தனால் தயாரிக்கும் ஆற்றல் நம் நாட்டிற்கு உண்டு. தொழிலுக்கு அது செல்வம். ஆயினும் குழந்தைகள் ஓடியாடும் பட்டறையில், குடிநீர்ப் பாட்டிலில் அதை நிரப்பி வைப்பது கொலைக்கருவியைத் திறந்து வைப்பதற்கு ஒப்பானது. அவருக்கு நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அன்றிரவே தொலைபேசியில் மனைவியை அழைத்து அந்தப் பாட்டில்களை உயரத்தில் எடுத்து வைக்கச் சொன்னார்.

முடிவாக

இரண்டு மாதங்களுக்குப் பின்னர் பட்டறைக்குச் சென்றிருந்தேன். வாடிக்கையாளரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி, இயந்திரத்தைத் தம் செலவிலேயே சீர்செய்து கொடுத்திருக்கிறார். அவ்வகையில் மூன்று மாத வருமானம் போயிற்று. ஆனால் வாடிக்கையாளர் போகவில்லை. தம் தம்பியின் காரையும் அங்கேயே அனுப்பியிருக்கிறார்.

தெளிப்புமுனை இப்போது திராட்டிலுக்கு முன்னே, நேரான குழாயில், இன்டர்கூலரைத் தாண்டி இருக்கிறது. பெரிய முனை ஒன்றுக்குப் பதிலாகச் சிறியவை இரண்டு; துளிகள் நுண்மையாகின்றன. குழாய்நீரிலுள்ள சுண்ணாம்பு முனையை அடைக்கும் என்பதால் வடிநீரையே பயன்படுத்துகிறார். அடைப்பிதழ் பொருத்தப்பட்டுவிட்டது. கலத்தில் கரைசல் குறைந்தால் டர்போவின் அழுத்தம் தானாகத் தாழும்; ஜெட்ஃபயர் கார் அறுபதாண்டுகளுக்கு முன்பே கற்றுத்தந்த பாடம். தீப்பொறி நேரத்தையும் பேராசையின்றிப் பின்னுக்குக் கொண்டுவந்திருக்கிறார். நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் நான்கு செருகிகளையும் கழற்றிக் காட்டினார். நான்கும் ஒரே பழுப்பு நிறம்.

சுவரோரம் பூட்டிய இரும்பு அலமாரி ஒன்று இருந்தது. உள்ளே மெத்தனால் டின். அதன்மேல் மலாயிலும் தமிழிலும் சிவப்பு மையால் எழுதி ஒட்டியிருந்தார். தமிழில் "நஞ்சு. தொடாதே. இது தண்ணீர் இல்லை" என்றிருந்தது. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.

வகுப்பில் ஆவியாதலைக் கற்பிக்கும்போது இனி ஈரத்துணியோடு அந்த ஓட்டை விழுந்த பிஸ்டனையும் காட்டப் போகிறேன். அவரே அதை எனக்குக் கொடுத்துவிட்டார். பாடநூலில் ஒரு வரியாக இருக்கும் செய்தி, ஒருவருடைய பிழைப்பையும் ஒரு குழந்தையின் உயிரையும் காக்கக்கூடியது என்பதை நம் மாணவர்கள் கண்ணால் கண்டால் மறக்க மாட்டார்கள்.

உங்கள் பகுதியிலும் இவ்வாறு பட்டறைத் தொழிலில் இருக்கும் நம் இளைஞர்கள் இருப்பார்கள். அவர்கள் நீரைப் போன்ற ஒன்றைப் பாட்டிலில் வைத்திருப்பதைக் கண்டால், அது என்னவென்று ஒரு வார்த்தை கேளுங்கள்.